மெமரி பத்தவில்லையா? பழைய கணினிகளுக்கான கேள்வி பதில்

கடலூர், புதுவைப் பக்கம் பழைய கணினிகளை இன்னும் வேலை வாங்கிக்கொண்டிருப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை.

மஞ்சக்குப்பம்: விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் 2 ஜிபி ரேம் இரண்டு போட்டேன். 3.25 ஜிபிதான் காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா சார்?

இல்லை, ரேம் சரியாகத்தான் இருக்கிறது. மெமரியின் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு முகவரி, அதாவது எண், உண்டு. 32 பிட் எக்ஸ்பி மொத்தம் 4 ஜிபி முகவரிகளைத்தான் எண்ணும். அந்த முகவரிகளில் ரேம் மட்டும் குடியிருப்பதில்லை. கிராஃபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு, பயாஸ் (கணினியைத் தொடக்கிவிடும் அடிப்படைப் புரோகிராம்) எல்லாம் 4 ஜிபிக்குச் சற்றுக் கீழே இடம் பிடித்துக்கொள்கின்றன. அந்த இடத்துக்கு நேரான ரேமுக்குக் கதவு எண் கிடைக்காமல் போகிறது. பெரிய கிராஃபிக்ஸ் கார்டு செருகினால் 3.25 இன்னும் குறையும்.

விண்டோஸ் எப்படித் தொடங்க வேண்டும் என்று சொல்லும் பூட்.ஐஎன்ஐ ஃபைலில் பிஏஇ (4 ஜிபிக்கு மேலும் முகவரி தரும் வசதி) என்று சேர்த்தால் முழுசும் வரும் என்று யாராவது சொல்வார்கள். வராது. நீண்ட முகவரியைக் கையாளத் தெரியாத டிரைவர்களால் (கார்டுகளை இயக்கும் புரோகிராம்கள்) கணினி விழுந்ததால், சர்வீஸ் பேக் 2இல் மைக்ரோசாஃப்டே அந்த வழியை அடைத்துவிட்டது. முழு 4 ஜிபியும் வேண்டுமென்றால் 64 பிட் விண்டோஸ் 7 அல்லது லினக்ஸ் போட வேண்டும். அதற்கு முன் மதர்போர்டின் சிப்செட் (பிராசஸரையும் ரேமையும் இணைக்கும் சிப்) எது என்று பாருங்கள். இன்டெல் 945 என்றால் 64 பிட் போட்டும் பயனில்லை. மறைந்த ரேமை 4 ஜிபிக்கு மேலே தூக்கி வைக்கும் மெமரி ரீமேப் வசதி அதில் கிடையாது.

பாகூர்: நெட்புக்கில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் இருக்கிறது. 4 ஜிபி போடலாமா?

வேண்டாம். ஸ்டார்ட்டர் பதிப்பு 2 ஜிபிக்கு மேல் எடுக்காது.

வில்லியனூர்: பேனர் டிசைன் செய்கிறோம். 8க்கு 6 அடி பேனரை 300 டிபிஐயில் திறந்தால் ஃபோட்டோஷாப் மெமரி இல்லை என்கிறது. எக்ஸ்பியின் பூட்.ஐஎன்ஐயில் 3ஜிபி ஸ்விட்ச் போட்டால் சரியாகுமா?

கணக்குப் போடுவோம். டிபிஐ என்றால் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பது. 96 அங்குலம் 28,800 புள்ளி, 72 அங்குலம் 21,600 புள்ளி. பெருக்கினால் 62 கோடி. சிஎம்ஒய்கேயில் (அச்சுக்கான நான்கு நிற முறை) புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரே ஒரு லேயருக்கு 2.3 ஜிபி. 32 பிட் விண்டோஸ் ஒரு புரோகிராமுக்குத் தரும் முகவரி இடமே 2 ஜிபிதான்.

நீங்கள் சொல்லும் ஸ்விட்ச் அதை 3 ஜிபி ஆக்கும். ஆனால் புரோகிராம் அதை ஏற்கும்படி எழுதப்பட்டிருந்தால்தான். விண்டோஸுக்கென்று 1 ஜிபிதான் மிஞ்சும் என்பதால் கிராஃபிக்ஸ் டிரைவர் முரண்டுபிடித்து, கணினி பாதியில் நிற்கலாம். அப்படி ஆனால் கூடவே யூசர்விஏ=2900 என்று சேர்த்துக் கொஞ்சம் இடத்தை விண்டோஸுக்குத் திருப்பிக் கொடுங்கள்.

என்னைக் கேட்டால் இந்த வேலைக்கு அதெல்லாம் தேவையே இல்லை. ரோட்டிலிருந்து பார்க்கும் ஃபிளெக்ஸுக்கு 300 டிபிஐ எதற்கு? 72 வைத்தால் அதே பேனர் லேயருக்கு 137 எம்பிதான். ஃபோட்டோஷாப் தற்காலிகமாக எழுதிவைக்கும் ஸ்கிராட்ச் டிஸ்க்கை சி டிரைவிலிருந்து காலி இடமுள்ள வேறு ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றுங்கள். பின்னோக்கிப் போக வைத்திருக்கும் படிகளான ஹிஸ்டரி 20ஐ 5 ஆக்குங்கள்.

முத்தியால்பேட்டை: பழைய ஸ்கேனருக்காக விண்டோஸ் 98 வைத்திருக்கிறோம். 256 எம்பியை எடுத்துவிட்டு 1 ஜிபி போட்டதும் "மெமரி போதவில்லை" என்கிறது. கூட்டினால் குறையுமா?

98இல் குறையும். டிஸ்க்கிலிருந்து படித்ததைச் சேர்த்துவைக்கும் விகேஷ், ரேம் எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ப முகவரி இடத்தை முன்கூட்டியே வளைத்துப் போட்டுவிடும். 512 எம்பியைத் தாண்டினால் மற்றவற்றுக்கு இடமில்லாமல் போகிறது. ஏஜிபி கிராஃபிக்ஸ் கார்டும் அதே இடத்தைத்தான் கேட்கும்.

சேஃப் மோடில் ஏறி சிஸ்டம்.ஐஎன்ஐ ஃபைலைத் திறங்கள். விகேஷ் என்ற சதுர அடைப்புத் தலைப்பின் கீழ் மேக்ஸ்ஃபைல்கேஷ்=262144 என்று, இடைவெளி விடாமல், எழுதிச் சேமியுங்கள். எண் கேபியில், அதாவது 256 எம்பி. அப்படியும் வந்தால் எம்எஸ்கான்ஃபிக், அட்வான்ஸ்டு பக்கத்தில் மெமரியை 512 எம்பிக்கு மட்டுப்படுத்துங்கள். பழைய 256ஐயே திரும்பப் போடுவதும் நல்ல யோசனைதான்.

கடலூர் சிப்காட் பக்கம்: எடை மேடைக் கணினி, டாஸ் 6.22, 8 எம்பி ரேம். பில் புரோகிராம் "மெமரி இல்லை" என்று வெளியேறுகிறது.

8 எம்பி இருந்தாலும் சாதாரண டாஸ் புரோகிராமுக்குக் கிடைப்பது முதல் 640 கேபிதான். 1981இல் ஐபிஎம் பிசியில் வந்த 8088 சிப்பால் 1 எம்பி வரைதான் எண்ண முடியும். அதில் மேல் 384 கேபி திரைக்கும் பயாஸுக்கும் கார்டுகளுக்கும் ஒதுக்கப்பட்டது. அந்த 640இல் டாஸும் டிரைவர்களும் உட்கார்ந்ததுபோக மிச்சம்தான் உங்களுக்கு.

மெம் /சி /பி என்று அடித்தால் யார் எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று தெரியும். பிறகு டாஸையும் டிரைவர்களையும் 640க்கு மேலே ஏற்ற, கான்ஃபிக்.சிஸ் ஃபைலில் இதே வரிசையில்: முதலில் ஹைமெம்.சிஸ், அடுத்து நோஈஎம்எஸ் சேர்த்த ஈஎம்எம்386, அடுத்து டாஸ்=ஹை,யூஎம்பி. மற்ற டிரைவர்களை டிவைஸ்ஹை என்றும், ஆட்டோஎக்ஸெக்கில் மவுஸ் போன்றவற்றை எல்ஹெச் என்றும் ஏற்றுங்கள். எடை மேடைக்கு சிடி டிரைவர் எதற்கு? தூக்கிவிடுங்கள்.

கணினி உறைந்து நின்றால் பயப்பட வேண்டாம். பூட் ஆகும்போது எஃப்5 அழுத்தினால் இந்த ஃபைல்களைத் தாண்டிப் போகும். ஏதோ ஒரு கார்டு உட்கார்ந்திருக்கும் இடத்தை ஈஎம்எம்386 காலி என்று நினைத்து எடுத்திருக்கும். அந்த முகவரியை எக்ஸ்= என்று கொடுத்து விலக்குங்கள்.

இன்னொன்று எடை மேடைக்கே உரியது. ஈஎம்எம்386 ஓடும்போது இன்டரப்ட் (சாதனம் பிராசஸரைக் கூப்பிடும் சைகை) கொஞ்சம் தாமதமாகும். எடை வந்துசேரும் பழைய சீரியல் போர்ட்டின் சிப் ஒரே ஒரு எழுத்தைத்தான் பிடித்து வைக்கும். அடுத்தது வந்தால் முந்தையது போச்சு. எடையில் இலக்கம் விட்டுப்போகிறது என்றால் ஈஎம்எம்386ஐ நீக்கி, ஹைமெமும் டாஸ்=ஹையும் மட்டும் வையுங்கள். பல நேரம் அதுவே போதும்.

நெல்லிக்குப்பம்: மண்டிக் கணக்கு டாஸ் ஃபாக்ஸ்ப்ரோவில். புதுக் கணினியில் 8 ஜிபி, 64 பிட் விண்டோஸ் 10. திறக்கவே மாட்டேன் என்கிறது.

64 பிட் விண்டோஸில் டாஸ் புரோகிராமை ஓட்டும் பகுதியே இல்லை. ரேமுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 32 பிட் விண்டோஸ் 10 போட்டு என்டிவிடிஎம் (டாஸ் புரோகிராமை ஓட்டும் அந்தப் பகுதி) வசதியை இயக்கலாம், ஆனால் 8இல் பாதி ரேம் வீண். டாஸ் கணினிபோல நடிக்கும் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் போடுவது மேல். அதில் பிரிண்டரையும் இணைக்க முடியும். எதைச் செய்தாலும் கணக்கு இருக்கும் டிபிஎஃப் ஃபைல்களோடு இன்டெக்ஸ், மெமோ ஃபைல்களையும் சேர்த்து முதலில் காப்பி எடுத்துவிடுங்கள்.

அண்ணாமலை நகர், மாணவர்: டர்போ சியில் 200க்கு 200 இன்ட் அரே போட்டால் "அளவு பெரிது" என்று எரர். லேப் கணினியில் 4 ஜிபி இருக்கிறதே?

டர்போ சி டாஸ் காலத்து கம்பைலர், அதில் இன்ட் 2 பைட். 40,000 உறுப்புகளுக்கு 80,000 பைட். மெமரியை அது செக்மென்ட் என்ற துண்டுகளாகப் பார்க்கிறது, ஒரு செக்மென்ட் 65,536 பைட்தான். ஒரே அரே அதைத் தாண்ட முடியாது. மெமரி மாடலை ஹ்யூஜ் என்று மாற்றினாலும் இந்த எரர் போகாது. ஃபார்மாலக்கில் (மெமரி கேட்டு வாங்கும் ஃபங்ஷன்) 80,000 பைட் வாங்கி ஃபார் பாயின்டரில் (வேறு செக்மென்டையும் சுட்டும் பாயின்டர்) நடந்தால் இன்னும் மோசம். 64 கேபி முடிந்ததும் அது சத்தமில்லாமல் ஆரம்பத்துக்கே திரும்பி, முன்பு எழுதியதை அழிக்கும். ஹ்யூஜ் பாயின்டர் சரியாகப் போகும், ஆனால் மெதுவாக.

சுலபமான வழி: 200 ஃபார் பாயின்டர்கள் கொண்ட அரே ஒன்று, அதற்கு 800 பைட் போதும். ஒவ்வொன்றுக்கும் ஃபார்மாலக்கில் 400 பைட் வாங்குங்கள். பிறகு வழக்கம்போல இரண்டு அடைப்புக்குறி போட்டே எழுதலாம். அந்த 200 பாயின்டரை ஃபங்ஷனுக்குள் அல்லாமல் வெளியே அறிவியுங்கள், ஸ்டாக் வெறும் 4 கேபிதான்.

கடலூர் முதுநகர்: நேற்றுவரை 2 ஜிபி காட்டியது, இன்று 1 ஜிபி. வைரஸா?

துறைமுகப் பக்கம் என்றால் உப்புக்காற்றுதான் முதல் சந்தேகம். மின்சாரத்தைத் துண்டித்து, ரேமைக் கழற்றி, தங்கப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேயுங்கள். துகளைத் துடைத்துவிட்டு, இரண்டு பக்கக் கொக்கியும் தானாக விழும்வரை அழுத்திச் செருகுங்கள். அப்படியும் 1 ஜிபிதான் என்றால் ரேம்களை இடம் மாற்றிப் பாருங்கள், கெட்டது ரேமா ஸ்லாட்டா என்று தெரிந்துவிடும்.