மருந்தாளர் பதில்கள்: ராட்டினமும் தலைச்சுற்றும்

பாடசாலை விடுமுறை நெருங்குகிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சுற்றுலாவைப் பற்றியவை. பிரித்து வாசித்தால் கேள்வி ஒன்றுதான்: ஏறினால் சத்தி வருகிறது, என்ன செய்வது? நீரிழிவு, பிரஷர் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இதற்கு மட்டும் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, என் மகளுக்கு 11 வயது. ரியூஷன் வகுப்பில் அவிசாவளைப் பக்கம் உள்ள தீம் பார்க்குக்குக் கூட்டிப்போகிறார்கள். போன ஆடி அமாவாசைத் திருவிழாவில் மாமாங்கத்தில் ராட்டினம் ஏறி இறங்கியதும் சத்தி எடுத்துவிட்டாள். அண்ணன்மார் இன்றைக்கும் அதைச் சொல்லிப் பகிடி பண்ணுகிறார்கள். பஸ்ஸிலும் அவளுக்கு இப்படித்தான். போகவேண்டும் என்று அழுகிறாள். விடலாமா, மறிக்கலாமா? என்ன மருந்து கொடுக்கலாம்?
— ஆரையம்பதித் தாய் ஒருவர்

பதில்: விடுங்கள், தங்கச்சி. மறிப்பதற்குரிய காரணம் உங்கள் கடிதத்தில் ஒன்றும் இல்லை. முதல் வேலையாக அந்த அண்ணன்மாரைக் கூப்பிட்டு இருத்தி, இந்தப் பதிலை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் நின்ற காலம் முழுக்க நான் பார்த்தது இதுதான்: சத்தி எடுக்கிற பிள்ளையை வெட்கப்படுத்த வீட்டில் ஆளுக்குக் குறைவில்லை, உதவி செய்யத்தான் ஆள் இல்லை. எனக்கு அதில் உண்மையாகவே கோபம் வரும்.

காதுக்குள்ளே, கேட்கிற பகுதியை ஒட்டி, மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. உள்ளே திரவம். தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அந்தத் திரவத்தின் அசைவுதான் மூளைக்குச் சொல்கிறது. கண் தன் பாட்டுக்கு ஒன்றைச் சொல்லும். காலும் முதுகும் இன்னொன்றைச் சொல்லும். இந்த மூன்று செய்தியும் ஒத்துப்போகாதபோதுதான் வயிற்றைப் புரட்டுகிறது. தேநீரைக் கலக்கிவிட்டுக் கரண்டியை எடுத்த பிறகும் கோப்பைக்குள் தேநீர் சுற்றிக்கொண்டிருக்கும் அல்லவா, அதேபோல ராட்டினம் நின்ற பிறகும் காதுக்குள் திரவம் கொஞ்சம் ஓடும். கண்ணுக்கு எல்லாம் நின்றுவிட்டது, காதுக்கு இன்னும் நிற்கவில்லை. உங்கள் மகள் இறங்கியதும் சத்தி எடுத்தது அந்த இடைவெளியில்தான்.

பயந்தாங்கொள்ளிகளுக்குத்தான் இது வரும் என்று யாராவது சொன்னால், அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1882இல் எழுதியதைச் சொல்லுங்கள். காது கேளாத, வாய் பேசாத பலரைச் சுழற்றிப் பார்த்தபோது, அவர்களில் பெருந்தொகையானோருக்குத் தலைச்சுற்றே வரவில்லை என்று அவர் பதிவு செய்தார். உள்காதின் அந்தப் பகுதி வேலை செய்யாதவருக்கு, எவ்வளவு பயந்தாலும் பயணச் சத்தி வருவதில்லை. தைரியத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அநேகமாக வராது. ஆறு, ஏழு வயதில் தொடங்கி, ஒன்பது பத்தில் உச்சத்துக்குப் போய், பதின்ம வயதில் பெரும்பாலானோருக்குக் குறைந்துவிடும். பெண் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் அதிகம், ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். உங்களுக்கோ கணவருக்கோ சின்ன வயதில் இருந்திருந்தால் அவளுக்கும் வந்ததில் ஆச்சரியமில்லை.

இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். உங்கள் மகளின் முதல் ராட்டினம் பார்க்கில் இல்லை, ஆரையம்பதிச் சந்தியில் பஸ் ஏறும்போதே தொடங்கிவிடுகிறது. இரவு முழுக்க 300 கிலோமீற்றருக்குக் கிட்ட பஸ்ஸில் குலுங்கி, நித்திரை இல்லாமல், வயிறு கெட்டு, காலையில் நேராக ராட்டினத்தில் ஏற்றினால் எந்தப் பிள்ளைதான் தாங்கும்? குமட்டல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். பஸ்ஸில் பாதி நிறைந்துவிட்டால் பார்க்கில் இரண்டாவது விளையாட்டிலேயே வழிந்துவிடும்.

ஆகவே ரியூஷன் ஆசிரியரிடம் இரண்டு விடயம் கேளுங்கள். எந்த வழியால் போகிறார்கள்? அம்பாறை, மகியங்கனை, கண்டி வழி என்றால் அந்த 18 கொண்டை வளைவுகளையும் பிள்ளைகள் அரைத் தூக்கத்தில் ஏறவேண்டும். பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழி பெரும்பாலும் சமதரை. ஒரு பிள்ளைக்காகப் பாதையை மாற்றுவார்களா என்று யோசிக்காதீர்கள். அந்த பஸ்ஸில் இவளைப் போல நாலைந்து பேராவது இருப்பார்கள், அவர்களின் தாய்மாரும் கேட்கத் தயங்கிக்கொண்டுதான் இருப்பார்கள். அடுத்தது, முதல் நாளே போய் ஓரிடத்தில் தங்கி நித்திரை கொள்ள வழி உண்டா என்று கேளுங்கள். அது கிடைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பஸ்ஸில் சில்லுக்கு மேலேயும் கடைசி வரிசையிலும் இருத்தவேண்டாம். முன்பக்கம், வீதி தெரிகிற இடம் நல்லது. போனைப் பார்க்கக்கூடாது. இருட்டிவிட்டால் தலையைச் சீட்டில் சாய்த்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். "சத்தி எடுப்பாள், சாப்பாடு குடுக்கவேண்டாம்" என்பது பிழையான யோசனை. இரண்டு இடியப்பம், கொஞ்சம் சொதி, அவ்வளவு போதும். வழியில் கிறீம் கிறேக்கர். கொத்தும் பாற்தேநீரும் வேண்டாம்.

மருந்து கேட்டிருந்தீர்கள். பாமசிகளில் இதற்காகக் கிடைப்பவற்றில் சினரிசின், டைமென்ஹைட்ரினேட், புரோமெதசின் ஆகிய மூன்றையும் அதிகம் காண்பீர்கள். மூன்றும் முன்கூட்டிப் போடவேண்டியவை. சினரிசின் என்றால் 2 மணித்தியாலம் முதல், டைமென்ஹைட்ரினேட் என்றால் 30 நிமிடத்திலிருந்து 1 மணித்தியாலம் முதல். குமட்டல் தொடங்கிவிட்டால் இரைப்பை தன் வேலையை மந்தமாக்கிவிடும், பிறகு விழுங்கும் குளிசை வயிற்றிலேயே கிடக்கும். ஹபரணையில் சத்தி எடுத்த பிறகு கொடுத்துவிட்டு "மருந்து கேக்கல்ல" என்று சொல்பவர்கள் எத்தனையோ பேர். இன்னொன்று, வாந்தி என்றதும் டொம்பெரிடோன் வாங்கிக் கொடுக்கிற பழக்கம் நம் பக்கம் நிறைய உண்டு. பயணச் சத்திக்கு அது சரியான மருந்தே அல்ல.

பிள்ளையின் வயது, நிறை, வேறு குடிக்கிற மருந்து எல்லாம் பாமசியில் உள்ள மருந்தாளரிடம் சொல்லி அளவைக் கேளுங்கள். ஒரே மருந்து வெவ்வேறு மில்லிகிராமில் வருவதால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கணக்கு உங்கள் பிள்ளைக்குப் பொருந்தாது. வாங்கியதும் ஒரு லீவு நாளில் வீட்டில் வைத்து ஒரு தடவை கொடுத்துப் பாருங்கள். மூன்றும் தூக்கம் வரவைக்கும், புரோமெதசின் அதிகமாக. தூங்கி வழிகிற பிள்ளை ராட்டினத்தில் கம்பியை இறுக்கிப் பிடிக்கமாட்டாள், அதை முதலே தெரிந்துகொள்ள வேண்டும்.

பார்க்குக்குள் போனதும் எல்லாரும் ஓடுகிற பக்கம் அவளும் ஓடவேண்டாம். நேராகப் போய் நேராக வருகிறவற்றில் முதலில் ஏறட்டும். இருந்த இடத்திலேயே சுழல்கிற கோப்பைகள் மிக மோசமானவை, அவற்றை முழுவதுமாக விட்டாலும் நட்டமில்லை. கப்பல் ஊஞ்சலுக்கு ஒரு விசேஷம் உண்டு. ஐந்து விநாடிக்கு ஒரு தடவை என்ற மாதிரி மெதுவாக மேலும் கீழும் போகிற அசைவுதான் மனிதரை அதிகம் குமட்டவைக்கிறது. கடலில் வள்ளம் ஆடுகிற தாளமும் அதற்குக் கிட்டத்தான், கப்பல் ஊஞ்சலும் கிட்டத்தட்ட அப்படியே. ஏறத்தான் வேண்டும் என்றால் நடு வரிசையில் இருக்கட்டும், இரண்டு முனைகளும்தான் கூட உயரும்.

சுழலும்போது தலையைச் சாய்க்கவோ திருப்பவோ கூடாது என்பதை அவளுக்கு நன்றாகச் சொல்லிக்கொடுங்கள். உடம்பு ஒரு பக்கம் சுற்ற, தலை இன்னொரு பக்கம் சாய்ந்தால் மூன்று குழாய்களும் ஒரே நேரத்தில் குழம்பும். தலையைச் சீட்டோடு ஒட்டிவைத்து, எதிரே ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். கூடப் போகிற பெரியவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: கீழே நின்று போனைத் தூக்கிப் பிடித்து "மகள், இஞ்ச பாருங்க" என்று கூப்பிடாதீர்கள். படத்துக்காகத் தலையைத் திருப்புகிற அந்த ஒரு நொடியே போதும். இறங்கிய பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

கொட்டாவி விடுகிறாளா, உதடு வெளிறுகிறதா, வாயில் எச்சில் ஊறுகிறதா, மேலுதட்டில் குளிர்ந்த வியர்வை தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சத்திக்கு முந்திய அறிவித்தல்கள் இவை. கண்டதும் நிழலில் இருத்தி, தூரத்து மரத்தைப் பார்த்து மெதுவாக மூச்சு விடச் சொல்லுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். குமட்டல் போய்விட்டது என்று அவள் சொன்ன பிறகும் இன்னும் அவ்வளவு நேரம் இருக்கட்டும். "இன்னும் ஒண்டே ஒண்டு" என்று இழுக்கிற தோழியிடம் மறுத்துச் சொல்ல இப்போதே பழக்குங்கள்.

இன்னும் நாள் இருக்கிறது. வீட்டு மாமரத்தில் சித்திரை வருஷத்துக்குக் கட்டிய ஊஞ்சல் இருந்தால் அவிழ்த்துவிடாதீர்கள். தினமும் கொஞ்ச நேரம் ஆடட்டும், வயிற்றில் அசுகம் தொடங்குமுன் நிறுத்தட்டும். காதுக்கும் மூளைக்கும் பழக்கம் வரும். கடலோடிகள் பழகுவதும் இப்படித்தான். அண்ணன்மாரே ஊஞ்சலை ஆட்டிவிடட்டும்.

கேள்வி: சேர், நான் அபுதாபியில் வேலை. அடுத்த மாதம் மனைவி பிள்ளைகள் விசிட் விசாவில் வருகிறார்கள். பெராரி வேர்ல்டில் போர்முலா ரோசா ஏறவேண்டும் என்று மூத்தவன் ஒரே பிடிவாதம். மணிக்கு 240 கிலோமீற்றர் போகுமாம். எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு, மலைப் பாதையில் வேனில் போனாலே புரட்டும். ஏறலாமா?
— சாய்ந்தமருது வாசகர்

பதில்: தம்பி, வேகத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நீங்கள் அபுதாபிக்குப் போன விமானம் அதைவிட மூன்று மடங்குக்கு மேல் வேகமாகப் பறந்தது, சத்தி எடுத்தீர்களா? ஒரே சீராகப் போகிற வேகத்தை உள்காது உணர்வதே இல்லை. வேகம் மாறும்போதும், திரும்பும்போதும், சுழலும்போதும்தான் உணரும். போர்முலா ரோசா ஏறக்குறைய 5 விநாடியில் 240ஐத் தொடும். அந்த உந்தல் நெஞ்சை அழுத்தும், ஆனால் ஓட்டம் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். குமட்டல் வளர்வதற்கு அதைவிடக் கூட நேரம் வேண்டும். வேனில் உங்களுக்குப் புரட்டுவது வளைவுக்கு மேல் வளைவாக மணிக்கணக்கில் நீள்வதால்.

கண்ணைத் திறந்து தண்டவாளத்தையே பாருங்கள். வளைவு வருவதைக் கண் முன்கூட்டிச் சொன்னால் உடம்பு தயாராகிவிடும். வேன் ஓட்டுகிறவருக்குச் சத்தி வருவதில்லையே, காரணம் அதுதான். தலையைப் பின்னால் அழுத்திவைத்திருங்கள், கழுத்துக்கும் அது பாதுகாப்பு. முதல் நாள் நித்திரையை விடாதீர்கள், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வரிசையில் நிற்காதீர்கள். ஒற்றைத் தலைவலிக்காரருக்கு இந்த இரண்டும் ராட்டினத்தைவிடக் கெடுதல். தலைவலி தொடங்கியிருக்கிற நாள் என்றால் மகனை மனைவியோடு அனுப்பிவிட்டு நீங்கள் கீழே நில்லுங்கள். மனைவி கர்ப்பமாக இருந்தாலோ, யாருக்காவது இதய நோயோ கழுத்து முதுகு வருத்தமோ இருந்தாலோ இந்த வகை ராட்டினங்கள் அவர்களுக்கு இல்லை.

குளிசை போட்டீர்களானால் அன்றைக்கு நீங்கள் கார் ஓட்டக்கூடாது.

கேள்வி: கல்முனைக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்தின்போது பேரப்பிள்ளையோடு சின்ன ராட்டினத்தில் ஏறினேன். வயது 66. அன்று ஒன்றும் இல்லை. மறுநாள் காலையில் கட்டிலில் புரண்டபோது வீடே சுற்றியது. படுக்கும்போதும் எழும்பும்போதும் வருகிறது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். ராட்டினத்துக்குப் போடுகிற குளிசையை நானும் போடலாமா?
— மருதமுனை வாசகர்

பதில்: போடவேண்டாம். இது பயணச் சத்தி அல்ல. ராட்டினம் நின்று ஒரு நாள் கழிந்து, தலையை அசைக்கும்போது மட்டும் சில விநாடி சுற்றுகிறது என்றால், உள்காதில் உள்ள நுண்ணிய கல்சியப் படிகங்கள் இடம் மாறி அந்த அரைவட்டக் குழாய்க்குள் விழுந்திருக்க இடமுண்டு. உங்கள் வயதில் ராட்டினம் ஏறாமலும் இது வரும். காது, மூக்கு, தொண்டை கிளினிக்கில் தலையை ஒரு முறைப்படி திருப்பிப் படுக்கவைத்து அந்தப் படிகங்களைக் குழாயிலிருந்து வெளியேற்றி உள்காதிலேயே பழைய இடத்துக்கு நகர்த்திவிடுவார்கள். பலருக்கு ஓரிரு தடவையிலேயே சரியாகிவிடும். தலைச்சுற்றுக் குளிசை அதைச் செய்யாது. கண் அழுத்த நோயோ, சிறுநீர் போவதில் கஷ்டமோ உள்ள வயதானவர்களுக்கு அந்தக் குளிசைகளில் பல தொந்தரவைக் கூட்டவும் செய்யும்.

கிளினிக்குக்குப் போகும்வரை கட்டிலிலிருந்து சட்டென்று எழும்பவேண்டாம், ஓரத்தில் கொஞ்சம் இருந்துவிட்டு எழும்புங்கள். பேச்சுக் குழறினால், கை கால் ஒரு பக்கம் சோர்ந்தால், நடக்கமுடியாமல் விழுந்தால், கிளினிக் நாளைப் பார்த்திருக்காமல் உடனே 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: தேசிக்காய் மணப்பது, இஞ்சி சப்புவது, நெற்றியில் பாம் பூசுவது, இதில் ஏதும் பலன் உண்டா?
— களுவாஞ்சிக்குடி மாணவி

பதில்: இஞ்சியைப் பற்றிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணானவை, சிலவற்றில் பலன் தெரிந்தது, சிலவற்றில் இல்லை. சப்பினால் கெடுதல் இல்லை, சப்புங்கள். தேசிக்காயும் அப்படித்தான், பஸ்ஸுக்குள் டீசல் நாற்றத்தை மறைக்கவாவது உதவும். பாம் வாசனை பக்கத்தில் இருப்பவருக்குக் குமட்டலைக் கொண்டுவரும், குறைத்துப் பூசுங்கள். நிதானமாக மூச்சு விடுவதும் பிடித்த பாட்டைக் கேட்பதும் குமட்டலைத் தள்ளிப்போடும் என்பதற்கு இவற்றைவிட நல்ல ஆதாரம் உண்டு.

கேள்வி: கார்னிவேலில் செவன் டி சினிமா பார்த்தேன். கதிரை சின்னதாகத்தான் ஆடியது, ஆனால் ராட்டினத்தைவிட மோசமாகப் புரட்டியது. ஏன்?
— அக்கரைப்பற்று வாசகர்

பதில்: அங்கே கண் மட்டும் மலையிலிருந்து விழுகிறது, உடம்பு கதிரையிலேயே இருக்கிறது. கண்ணாடியைக் கழற்றி, திரைக்கு வெளியே சுவரைப் பாருங்கள், அல்லது கண்ணை மூடுங்கள். சில நொடியில் குறையும்.