மருத்துவக் கேள்வி பதில்: ஒரே வயிறு, இரண்டு முடிவுகள்

கேள்வி: எனக்கு வயது 46. அலுவலகத்தில் ஏற்பாடு செய்த உடற்பரிசோதனையில், வயிற்றில் தங்கிப் புண் உண்டாக்கக்கூடிய ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கான இரத்தப் பரிசோதனை ‘பாசிட்டிவ்’ என்று வந்தது. பிறகு ஒரு தனியார் மருந்தகத்தில் மூச்சுப் பரிசோதனை செய்தார்கள், அது ‘நெகட்டிவ்’. நெஞ்செரிச்சலுக்காக நான் சில மாதங்களாக ஒமிப்ரசோல் சாப்பிட்டு வருகிறேன். பரிசோதனைக்கு முன் அதை நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை. எந்த முடிவை நம்புவது?
– வாசகி, ஈசூன்

பதில்: இரண்டு பரிசோதனைகளும் ஒரே கிருமியின் பெயரில் நடந்தாலும், அவை தேடுவது வேறு வேறு. இரத்தப் பரிசோதனை, கிருமியை எதிர்த்து உங்கள் உடல் உருவாக்கிய எதிர்ப்பொருளைத் தேடுகிறது. கிருமி ஒழிந்த பிறகும் எதிர்ப்பொருள் பல மாதங்கள், சிலரிடம் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும் என்பதால், அந்த ‘பாசிட்டிவ்’ இப்போதைய தொற்றையும் குறிக்கலாம், எப்போதோ வந்துபோன தொற்றையும் குறிக்கலாம். மூச்சுப் பரிசோதனையோ இன்று உயிரோடிருக்கும் கிருமியைத் தேடுகிறது. நீங்கள் குடித்த கரைசலில் கார்பன்-13 சேர்ந்த யூரியா இருந்திருக்கும். வயிற்றில் கிருமி இருந்தால், அதன் யூரியேஸ் என்ற நொதி அந்த யூரியாவைச் சிதைக்கும். அப்போது உண்டாகும் கரியமில வாயு இரத்தத்தில் கலந்து மூச்சோடு வெளியேறும். குடிப்பதற்கு முன் ஊதிய மூச்சையும், அரை மணி நேரம் போலக் கழித்து ஊதிய மூச்சையும் ஒப்பிட்டு முடிவு சொல்கிறார்கள்.

முறையாகச் செய்தால் இரண்டில் மூச்சுப் பரிசோதனையே நம்பகமானது. ஆனால் உங்கள் விஷயத்தில் அது முறையாகச் செய்யப்படவில்லை. ஒமிப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மருந்துகள் கிருமியை ஒழிப்பதில்லை; அதன் எண்ணிக்கையையும் யூரியேஸின் வேலையையும் குறைத்து, பரிசோதனையின் கண்ணிலிருந்து மறைத்துவிடுகின்றன. அதனால்தான் இம்மருந்தை 2 வாரங்களுக்கும், ஆன்டிபயாட்டிக், பிஸ்மத் மருந்துகளை 4 வாரங்களுக்கும் முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள்.

இது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். 1,000 பேரில் 300 பேருக்குக் கிருமி இருக்கிறது என்று வையுங்கள். இரத்தப் பரிசோதனை கிருமி உள்ளவர்களில் 85 விழுக்காட்டினரைக் கண்டுபிடித்து, இல்லாதவர்களில் 80 விழுக்காட்டினரைச் சரியாக விடுவிக்கிறது என்றும் கொள்வோம். அப்படியானால் கிருமி உள்ள 255 பேருக்கும், கிருமி இல்லாத 140 பேருக்கும் ‘பாசிட்டிவ்’ வரும். நீங்கள் இந்த 395 பேரில் ஒருவர். இவர்கள் அனைவரும், கண்டுபிடிப்பதிலும் விடுவிப்பதிலும் 95 விழுக்காடு திறன் உள்ள மூச்சுப் பரிசோதனையைச் செய்துகொண்டால், ஏறத்தாழ 146 பேருக்கு ‘நெகட்டிவ்’ வரும். அவர்களில் உண்மையில் கிருமி உள்ளவர்கள் 13 பேர்தான். ஆனால் மருந்தின் தாக்கத்தால் கண்டுபிடிக்கும் திறன் 70 விழுக்காடாகக் குறைந்துவிட்டதென்றால், ‘நெகட்டிவ்’ வருவோர் 210 பேர். அவர்களில் 77 பேரிடம் கிருமி இருக்கும். மூன்றில் ஒருவருக்கும் மேல் ‘கிருமி இல்லை’ என்று தவறாக நம்பி வீடு திரும்புவார்கள். கருவியும் தாளும் அதே. மாறியது ஒரு மாத்திரை.

ஆகவே மருத்துவரிடம் இதைச் சொல்லி, மருந்தை 2 வாரம் நிறுத்திவிட்டு மீண்டும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இடையில் நெஞ்செரிச்சலைத் தாங்க வேறு என்ன எடுக்கலாம் என்பதையும் அவரிடமே கேளுங்கள். இரத்தக்கசிவுள்ள புண் இருந்தவர்களும், ஆஸ்பிரின் போன்றவற்றோடு வயிற்றைக் காக்க இம்மருந்தைச் சாப்பிடுபவர்களும் தாமாக நிறுத்தக்கூடாது. இந்தக் கிருமியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவை 1994ல் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் வகையில் சேர்த்தது. அரைகுறை முடிவோடு இதை விட்டுவிட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

கேள்வி: இந்தக் கிருமிக்காக இணையத்தில் வாங்கிய வீட்டுப் பரிசோதனைப் பெட்டியில் ‘98 விழுக்காடு துல்லியம்’ என்று அச்சிட்டிருக்கிறது. விரலில் ஒரு சொட்டு இரத்தம் போதுமாம். நம்பலாமா?
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: அந்த 98 எதோடு ஒப்பிட்டு வந்தது, யாரிடம் சோதித்து வந்தது என்று தெரியாதவரை அதற்குப் பொருள் இல்லை. ஒரு பரிசோதனைக்கு ‘துல்லியம்’ என்று ஒற்றை எண் கிடையாது. கிருமி உள்ளவரைக் கண்டுபிடிப்பது ஒரு திறன், இல்லாதவரைச் சரியாக விடுவிப்பது இன்னொரு திறன். ஆய்வுக்கூடத்தில் இவற்றை முறையே சென்சிட்டிவிட்டி, ஸ்பெசிஃபிசிட்டி என்கிறோம். ஒன்று உயர்ந்து மற்றது தாழ்ந்திருந்தால், ஒற்றை எண் அதை மறைத்துவிடும்.

அடுத்தது, எதோடு ஒப்பிட்டார்கள் என்ற அளவுகோல். கிருமியை வளர்த்துக் காட்டுவதுதானே உறுதியான சான்று என்று தோன்றும். ஆனால் இது எளிதில் வளராத கிருமி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மருத்துவர்கள் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் இதைத் தேடியபோது, 2 நாளில் எதுவும் வளராத வளர்ப்புத் தட்டுகள் தூக்கி எறியப்பட்டு வந்தன. 1982ல் ஈஸ்டர் விடுமுறையால் கூடுதல் நாட்கள் அடைகாப்புப் பெட்டியிலேயே கிடந்த தட்டில்தான் கிருமி முதன்முதலாக வளர்ந்தது. வளர்ந்தால் ‘உண்டு’ என்பது நிச்சயம். வளராவிட்டால் ‘இல்லை’ என்று சொல்ல முடியாது. வயிற்றிலிருந்து எடுத்த திசுத் துண்டைப் பரிசோதிப்பதிலும் குறை உண்டு: கிருமி வயிறெங்கும் சீராகப் பரவியிருப்பதில்லை, எடுத்த துண்டில் அது இல்லாமல் போகலாம். எனவே நல்ல ஆய்வுகள் பல முறைகளைச் சேர்த்து அளவுகோலாக வைக்கின்றன. ஒரு பரிசோதனையின் முடிவு தெரியாதவரே மற்றதைப் படிக்கும்படியும் பார்த்துக்கொள்கின்றன.

மூன்றாவது, யாரைச் சோதித்தார்கள் என்பது. ஒரு பக்கம் கடுமையான குடற்புண் உள்ள நோயாளிகள், மறுபக்கம் எந்தத் தொல்லையும் இல்லாத இளைஞர்கள் என்று சேர்த்துச் சோதித்தால் எந்தக் கருவியும் மின்னும். மருந்தகத்துக்கு வருபவர்களோ இவர்களுக்கு இடைப்பட்டவர்கள். சிங்கப்பூரிலேயே முதியவர்களிடம் இக்கிருமி மிகுதி, இளையரிடம் குறைவு. சீனர், இந்தியரைவிட மலாய்க்காரர்களிடம் குறைவு. மேலே சொன்ன இரத்தப் பரிசோதனையை, 100 பேருக்கு 10 பேரிடம் மட்டும் கிருமி உள்ள 1,000 இளையரிடம் செய்தால், கிருமி உள்ள 85 பேருக்கும் இல்லாத 180 பேருக்கும் ‘பாசிட்டிவ்’ வரும். மூன்றில் இருவருக்கு அது பொய். அதை நம்பித் தேவையில்லாமல் இரண்டு மூன்று ஆன்டிபயாட்டிக் மருந்துகளை விழுங்குவது சிறிய விஷயமன்று. உங்கள் பணத்தை மூச்சுப் பரிசோதனைக்கோ மலத்தில் கிருமியின் ஆன்டிஜெனை, அதாவது அதன் புரதக் கூறுகளை, தேடும் பரிசோதனைக்கோ செலவிடுங்கள்.

கேள்வி: சென்ற ஆண்டு அம்மா இந்தக் கிருமிக்கு முழுச் சிகிச்சை எடுத்தார். இப்போது இரத்தப் பரிசோதனையில் மறுபடியும் ‘பாசிட்டிவ்’. சிகிச்சை தோற்றுவிட்டதா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: இந்த முடிவை வைத்து அப்படிச் சொல்ல முடியாது, முதல் பதிலில் சொன்னதுபோல் எதிர்ப்பொருள் தங்கிவிடும். சிகிச்சை பலித்ததா என்று பார்க்க இரத்தப் பரிசோதனை உதவாது. மூச்சுப் பரிசோதனையை அல்லது மல ஆன்டிஜென் பரிசோதனையைச் செய்யச் சொல்லுங்கள். சிகிச்சை முடிந்து குறைந்தது 4 வாரம் ஆகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அம்மாவுக்கு எப்போதோ நிறைவேறிவிட்டது. அமிலக் குறைப்பு மருந்து ஏதும் சாப்பிடுகிறாரா என்பதை மட்டும் முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.