பக்கம் நிரம்பியும் நெரிசல் தோன்றாதது ஏன்?

கேள்வி: கிருஷ்ணகிரியில் ஓர் அச்சகத்தில் திருமண அழைப்பிதழ்களை வடிவமைத்து வருகிறேன். ‘கெல்ஸ் நூல்’ என்னும் பழைய ஐரோப்பியக் கையெழுத்து நூலின் படத்தைப் பார்த்தேன். ஒரு பக்கம் முழுவதையும் ஒரே பெரிய எழுத்தும் பொன்னிறப் பின்னல்களும் நிறைத்திருந்தும் அந்த எழுத்து தெளிவாக நிற்கிறது. நான் அப்படி நிரப்பினால் அழைப்பிதழ் நெரிசலாகிவிடுகிறதே, ஏன்?
– ஒரு வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: கி.பி. 800ஐ ஒட்டி எழுதப்பட்டு, இப்போது டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் உள்ள அந்நூலின் ‘கை-ரோ’ பக்கத்தையே (கிரேக்கத்தில் கிறிஸ்துவின் பெயரைத் தொடங்கும் இரு எழுத்துகள் அவை) நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதில் பொன்னாகத் தெரிவது அரிதாரம் என்னும் மஞ்சள் நிறமி. பொன்னே இல்லாமல் அந்தப் பொலிவு வந்திருப்பதைக் கவனியுங்கள். பின்னல்களும் சுருள்களும் எழுத்தின் வரம்புக்குள்ளும் வகுத்த கட்டங்களுக்குள்ளும் அடங்கியிருப்பதால், தொலைவிலிருந்து ஒரே பேருருவமும், நெருங்கிப் பார்க்கையில் எழுத்தின் காலடியில் பூனைகளும் எலிகளும் மீனைக் கவ்விய நீர்நாயும் தெரிகின்றன. சிறியது எதுவும் பெரியதோடு போட்டியிடவில்லை. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலுள்ள நடுகற்களை ஒருமுறை இந்தக் கண்ணோடு பாருங்கள். வீரனின் உருவமே முதலில் கண்ணில் படும்.

வேலையின் வரிசையும் முக்கியமானது. இடைக்கால எழுத்தர், எழுதுவதற்குப் பதப்படுத்திய விலங்குத் தோலின் ஓரங்களில் கூரிய முனையால் துளையிட்டு, அத்துளைகளை இணைத்துக் கோடு கிழித்து, எழுத்துக்கும் ஓரத்துக்கும் இடம் பிரித்த பிறகே மையைத் தொட்டார். பிற்கால நூல்களில், அலங்கார முதலெழுத்துக்கு இடம் விட்டு, அங்கு வரவேண்டிய எழுத்தைச் சிறிதாகக் குறித்தும் வைத்தனர். ஓவியர் அவ்விடத்தில் பொன் தாளை ஒட்டி, நாய்ப்பல் போன்ற வழவழப்பான கருவியால் தேய்த்து மெருகேற்றிவிட்டு, அதன் பின்பே வண்ணம் தீட்டினார். வண்ணத்தின் மேல் பொன்னைத் தேய்த்தால் இரண்டும் கெடும்.

ஆகவே, கணினியில் பூ ஓரத்தை முதலில் இறக்காதீர்கள். நான்கு ஓரங்களையும் முதலில் ஒதுக்குங்கள். கீழோரம் சற்று அகலமாக இருக்கட்டும், அந்நூல்களில் அதுவே வழக்கம். மணமக்கள் பெயர், முகூர்த்தம், மண்டபம் ஆகியவற்றைப் படிப்படியாகக் குறையும் அளவில் அமையுங்கள். அயர்லாந்து எழுத்தர்கள் பெரிய முதலெழுத்தை அடுத்து வரும் எழுத்துகளை ஒன்றைவிட ஒன்று சிறிதாக்கி, வரியின் இயல்பான அளவுக்குக் கொண்டுவந்தது இம்முறையில்தான். அலங்காரம் எஞ்சிய இடத்துக்கு மட்டுமே. சிவப்பு நிறத்தை முகூர்த்த நேரத்துக்கென்றே வைத்துக்கொள்ளலாம்; தலைப்புகளையும் நாட்காட்டியின் பெருவிழா நாள்களையும் தனித்துக் காட்டவே இடைக்கால எழுத்தர்கள் சிவப்பு மையை எடுத்தனர்.