சமன்பாடு முதல்ல, விதி அப்புறம்

அன்புள்ள சார்,

பின்னல் சமன்பாடு பத்தி நீங்க எழுதினதுல "தீர்வுலேருந்தே ஒரு இயற்கணித அமைப்பு பிறக்குது"ன்னு ஒரு வரி வருது. காலேஜ்ல நாங்க படிச்சது தலைகீழ். முதல்ல குரூப், ரிங்னு விதிகளைக் கொடுப்பாங்க, அப்புறம்தான் அதுக்குள்ள சமன்பாடு. வெறும் கணத்துலேருந்து (செட், அதாவது உறுப்புகளோட வெறும் தொகுப்பு) விதி எப்படி வரும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரு பேப்பர் எடுத்துக்கோங்க, போட்டுப் பாத்தாதான் இது மனசுல நிக்கும். இடமிருந்து வலமா சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு இழை. பக்கத்துப் பக்கத்து ரெண்டு இழையை இடம் மாத்தலாம், வலது இழை மேல ஏறி இடப்பக்கம் வரும், அதோட நிறம் மாறாது, அடியில போற இழை மட்டும் ரெண்டுலயும் இல்லாத மூணாவது நிறமா மாறிடும் (ரெண்டும் ஒரே நிறம்னா அப்படியே இருக்கும்). முதல் ஜோடி, ரெண்டாவது ஜோடி, திரும்ப முதல் ஜோடின்னு மாத்தினா பச்சை-நீலம்-நீலம், திரும்பவும் அதே, கடைசியில நீலம்-சிவப்பு-நீலம். ரெண்டாவது ஜோடியில ஆரம்பிச்சா சிவப்பு-நீலம்-சிவப்பு, நீலம்-பச்சை-சிவப்பு, அப்புறம் பாருங்க, அதே நீலம்-சிவப்பு-நீலம்! எந்த நிறங்கள்ல ஆரம்பிச்சாலும் ரெண்டு வழியும் ஒரே இடத்துல முடியணும், பின்னல் சமன்பாடு கேக்கறது அவ்வளவுதான்.

இப்ப நிறத்தை விட்டுட்டு க, ச, த வைங்க. ச-வுக்கு அடியில போற க என்னவா மாறுதோ அதை க*ச ன்னு எழுதுங்க. ரெண்டு வழியையும் முழுசா எழுதினா முதல் ரெண்டு இடம் தானாவே ஒத்துப்போகும், மூணாவது இடத்துல ஒரு பக்கம் (க*ச)*த, இன்னொரு பக்கம் (க*த)*(ச*த). ரெண்டும் சமம்னா அது ஒரு பங்கீட்டு விதி, * தன்மேலயே பங்கிடுது. இதை யாரும் கொண்டுவந்து வைக்கல, சமன்பாட்டையே வேற மாதிரி எழுதியிருக்கோம், அவ்வளவுதான். இதோட * ஐத் திருப்பிப் போக முடியணும்னும் (க*ச-வும் ச-வும் தெரிஞ்சா க ஒண்ணே ஒண்ணா கிடைக்கணும்) சேத்தா அதுக்குப் பேர் ராக்.

சமன்பாடு இயற்பியல்லேருந்து வந்தது, இயற்பியலாளர்கள் யாங் 1967ல, பேக்ஸ்டர் 1972ல. வெறும் கணத்துல தீர்வு தேடுங்கன்னு 1992ல கணிதவியலாளர் டிரின்ஃபெல்ட் சொன்னார். ரெண்டு தடவை மாத்தினா பழைய நிலைக்கே வர்ற தீர்வுகளுக்கு (நம்ம நிறம் அப்படி இல்ல) 2007ல ரம்ப்ங்கற கணிதவியலாளர் ப்ரேஸ்னு ஒண்ணு கண்டுபிடிச்சார், எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். ஒரே கணத்துல ரெண்டு குரூப் (குரூப்னா உறுப்புகளைச் சேக்கற ஒரு செயல், எதோட சேத்தாலும் அதை மாத்தாத ஒரு அலகும், சேத்ததைத் திருப்பி எடுக்கற வழியும் அதுல உண்டு), வரிசை மாத்திக் கூட்டினாலும் மாறாத ஒரு கூட்டலும் இன்னொரு ∘ உம், நடுவுல க∘(ச+த) = க∘ச − க + க∘த. அந்த '−க' எதுக்குன்னு கேப்பீங்க. அதை எடுத்துட்டு ச, த ரெண்டும் 0ன்னு போடுங்க, எந்த க-வுக்கும் க∘0 = 0 ஆயிடும், திருப்பி எடுக்க வழியில்ல, அப்ப ∘ குரூப்பாவே இருக்க முடியாது. '−க' இருந்தா க∘0 = க, ரெண்டு குரூப்புக்கும் அலகு ஒண்ணே.

ஒவ்வொரு ப்ரேஸும் ஒரு தீர்வைக் கொடுக்குது, இந்த வகைத் தீர்வு ஒவ்வொண்ணும் (சிதையாததா இருந்தா, அதாவது ஒரு இழையை அப்படியே வச்சா இன்னொண்ணோட மாற்றத்தைத் திருப்பிப் போக முடிஞ்சா) ஏதோ ஒரு ப்ரேஸுக்குள்ள உக்காந்திருக்கு. 2017ல குவார்னியரி, வென்ட்ராமின்னு ரெண்டு கணிதவியலாளர்கள் கூட்டல்ல வரிசை மாறினா விடை மாறலாம்னு விட்டுக்கொடுத்ததும் நம்ம நிற உதாரணம் மாதிரியானதும் உள்ள வந்துடுச்சு.

ரம்ப் பாத்த அந்த வகைச் சிதையாத தீர்வுகள், உறுப்புகளோட பேர் மட்டும் மாறினதை ஒண்ணாவே எண்ணினா, மூணு உறுப்புக்கு 5, நாலுக்கு 23, எட்டுக்கு 34530. மூணுக்கான அஞ்சையும் நீங்களே கையால எழுதிப் பாருங்க, எழுதி அனுப்பினா சேந்து பாக்கலாம்.