மண் தோண்டுற வேலையா என்று கேட்ட அம்மாவுக்கு

அம்மா, உங்கள் மகள் ஜியாலஜிதான் (பாறை, மண், நிலத்தடி நீர் பற்றிய நிலவியல்) படிப்பேன் என்று நிற்கிறாள், கேட்டால் கெட்டுப்போன மண்ணையும் தண்ணீரையும் சரிசெய்யும் வேலைக்குப் போகிறேன் என்கிறாள், அப்படி ஒரு வேலை இருக்கிறதா என்று எழுதியிருந்தீர்கள். இருக்கிறது. நீங்கள் இருப்பது ஆற்காடு. பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் ராணிப்பேட்டை. அங்கே சிப்காட்டில் இருந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலையை 1990களிலேயே மூடிவிட்டார்கள். அது விட்டுப்போன குரோமியக் கழிவு லட்சம் டன்னுக்கும் மேல். மழை பெய்தால் மஞ்சளாக ஊறி மண்ணுக்குள் இறங்கும். அது எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது, யார் வீட்டுக் கிணற்றை எட்டும் என்று கண்டுபிடிக்கத்தான் இந்தப் படிப்பு.

தண்ணீரை பாட்டிலில் பிடித்து லேபுக்கு அனுப்புவதற்கு ஒரு படிப்பா என்று தோன்றலாம். போர் போட்ட குழாயில் தேங்கிக் கிடக்கும் தண்ணீரை முதலில் வெளியே இறைக்க வேண்டும். மீட்டரில் பிஎச், மின்கடத்துதிறன் எல்லாம் ஆடாமல் ஒரே அளவில் நின்ற பிறகுதான் பாட்டிலை நீட்ட வேண்டும். உலோகம் பார்ப்பதற்கான பாட்டிலில் சில சொட்டு நைட்ரிக் அமிலம் விடுவது வழக்கம். ஆனால் விஷம் அதிகமுள்ள ஆறு இணைதிறன் குரோமியத்தை அளக்க எடுக்கும் பாட்டிலில் அதை விட்டால் போச்சு! அது விஷம் குறைந்த மூன்று இணைதிறன் குரோமியமாக மாறிவிடும், தண்ணீர் சுத்தம் என்று ரிப்போர்ட் வரும். அந்தப் பாட்டிலை அமிலம் விடாமல் ஐஸ் பெட்டியில் வைத்து வேகமாக லேபில் சேர்க்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், இங்கே கணக்கைக் கெடுக்கும் அதே மாற்றம்தான் அப்புறம் மருந்தாகிறது. ஃபெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பைக் கலந்து அதே மாற்றத்தை வேண்டுமென்றே செய்து, குரோமியத்தை அடியில் படிய வைப்பார்கள்.

நிலமும் வேதியியலும் ஆழமாகத் தெரிந்தால்தான் இந்த வேலை. அதனால்தான் சொல்கிறேன், பெயரில் 'சுற்றுச்சூழல்' இருக்கிறது என்று மூன்று வருடப் படிப்பு எதிலும் பணம் கட்டாதீர்கள். ஜியாலஜி, வேதியியல், சிவில் மூன்றில் ஒன்று அடித்தளமாக இருக்கட்டும். சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி நேஷனல், தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரிகளில் ஜியாலஜி உண்டு. பிறகு எம்.எஸ்சி. அதை முடித்தால் யுபிஎஸ்சி நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வு எழுதி, மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்குப் போகலாம்.

தனியார் ஆலோசனை நிறுவனங்களில் ஆரம்பச் சம்பளம் சுமார்தான், வெயிலில் அலைச்சலும் உண்டு. அதை மறைக்க மாட்டேன். ஆனால் மாசடைந்த இடங்களுக்கென்றே மத்திய அரசு 2025 ஜூலையில் தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது. மாசுபடுத்தியவர்தான் சோதனைக்கும் சுத்தம் செய்வதற்கும் செலவழிக்க வேண்டும். அதை ஒழுங்காக அமல்படுத்தினால் ஆள் தேவை கூடத்தான் செய்யும்.

பொண்ணு தனியாக சைட்டுக்குப் போகணுமா என்றும் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் குழுவாகத்தான் போவார்கள். சேரும் முன் கல்லூரிக்கு ஒரு நடை போய், வருடத்துக்கு எத்தனை நாள் களப்பயணம், யார் கூட வருவார்கள், லேபில் மாணவர்கள் தாங்களே கருவியைத் தொட விடுவீர்களா என்று கேளுங்கள். கட்டடத்தைச் சுற்றிக்காட்டிவிட்டு இதற்கு மட்டும் மழுப்பினால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.