ஃபேன் சுற்றுகிறது, மானிட்டர் இருட்டு: மதர்போர்டு போய்விட்டதா?

வாசகர் கேள்வி: தஞ்சாவூர் பக்கம் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஆறு வருடமாகிற அசெம்பிள்டு டெஸ்க்டாப். போன வாரம் கரண்ட் நாலைந்து தடவை போய்ப் போய் வந்தது. அதிலிருந்து கம்ப்யூட்டர் ஆன் ஆக மாட்டேன் என்கிறது. பட்டனை அழுத்தினால் சில சமயம் ஃபேன் ஒரு நொடி சுற்றி நின்றுவிடுகிறது. சில சமயம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஆனால் டிஸ்ப்ளே இல்லை, பீப் சத்தமும் இல்லை. சர்வீஸ் கடையில் ‘மதர்போர்டு போச்சு, புது சிஸ்டம் வாங்கிடுங்க’ என்கிறார்கள். வாடிக்கையாளர்களின் ஃபைல், கடைக் கணக்கு எல்லாம் உள்ளே இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஃபைல் விஷயம். மதர்போர்டே போயிருந்தாலும் ஹார்டு டிஸ்க்கில் இருப்பது பெரும்பாலும் பத்திரமாகத்தான் இருக்கும். டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினால் படித்துவிடலாம். விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் மட்டும் அதன் ரிக்கவரி கீ வேண்டும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று இன்றைக்கே போனில் பார்த்து வையுங்கள்.

அடுத்து, அந்தத் தீர்ப்பு. எனக்கு அதில் சந்தேகம் இருக்கிறது. காரணம், நீங்கள் எழுதிய ‘சில சமயம் இப்படி, சில சமயம் அப்படி’. செத்துப்போன போர்டு வழக்கமாக ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். அறிகுறி மாறி மாறி வந்தால், சரியாகப் பதியாத ரேம், தளர்ந்த கனெக்டர், பலம் குறைந்த எஸ்எம்பிஎஸ் (சுவர் மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டப்பா) ஆகியவற்றைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். கரண்ட் விட்டு விட்டு வந்த பிறகு என்றால், அதிலும் எஸ்எம்பிஎஸ். பீப் சத்தம் இல்லாததை வைத்து ஒன்றும் முடிவு கட்ட முடியாது. இப்போதைய அசெம்பிள்டு கேபினெட்டுகள் பலவற்றில் அந்தக் குட்டி ஸ்பீக்கரே வருவதில்லை.

கேபினெட்டைத் திறப்பதற்கு முன் வெளியே முடிய வேண்டிய வேலை கொஞ்சம் உண்டு. யூபிஎஸ்ஸைத் தவிர்த்துவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் செருகிப் பாருங்கள். பேட்டரி தளர்ந்த யூபிஎஸ் இந்த மாதிரி விளையாட்டு காட்டும். கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், பென் டிரைவ் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். கேபினெட்டின் முன்பக்க யூஎஸ்பி ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஜெராக்ஸ் கடையில் ஒரு நாளைக்கு எத்தனை பேருடைய பென் டிரைவ் ஏறி இறங்குகிறது! உள்ளே ஒரு பின் வளைந்து பக்கத்துப் பின்னைத் தொட்டாலே ஷார்ட் ஆகிவிடும், மெஷின் கிளம்பாது. ‘ஃபேன் ஒரு நொடி சுற்றி நின்றது’ என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, இனி உள்ளே. பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, ஆன் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். இனி எதைக் கழற்றினாலும் மாட்டினாலும் கார்டு வெளியேதான் இருக்க வேண்டும், ஆன் செய்து பார்க்கும்போது மட்டும் செருகுங்கள். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ரேமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடையுங்கள். பேனா மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் வேண்டாம், உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது. ரப்பர் துகள் ஒன்றுகூட ஒட்டியிருக்கக் கூடாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கிடைத்தால் பஞ்சில் தொட்டு ஒரு இழுப்பு இழுத்துக் காயவிடுங்கள். ஸ்லாட்டையும் ஒரு பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஜெராக்ஸ் டோனர் தூள் எங்கெல்லாம் போய் உட்காரும் என்பது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். பிறகு ஒரே ஒரு ரேமை மட்டும், நாலு ஸ்லாட் இருந்தால் பிராசஸர் பக்கத்திலிருந்து இரண்டாவதில், கிளிப் ‘டக்’ என்று பூட்டும்வரை அழுத்துங்கள். டிஸ்ப்ளே வராவிட்டால் அடுத்த ரேம், அடுத்த ஸ்லாட்.

அப்படியே மதர்போர்டில் காசு போல வட்டமாக இருக்கும் சிமாஸ் பேட்டரியையும் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துப் புதிதாக ஒன்று போடுங்கள். சிஆர்2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே தருவார்கள். பயாஸ் (கம்ப்யூட்டரைக் கிளப்பும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகள் ஆரம்ப நிலைக்குப் போய்விடுவதால், முதல் தடவை மெஷின் தானாக அணைந்து மறுபடி கிளம்பலாம். பதறாமல் இரண்டு நிமிடம் காத்திருங்கள்.

இப்போது எஸ்எம்பிஎஸ். போர்டுக்குப் போகும் 24 பின் கனெக்டரையும், பிராசஸர் பக்கத்தில் ஏறும் 4 அல்லது 8 பின் கனெக்டரையும் கழற்றி மாட்டுங்கள். இரண்டாவது சரியாக உட்காரவில்லை என்றால் ஃபேன் சுற்றும், டிஸ்ப்ளே வராது. அப்புறம் பவர் கார்டைச் செருகி, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுங்கள். 24 பின்னில் ஊதா நிற ஒயர், கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட் தர வேண்டும். பட்டனை அழுத்திய கணத்தில் மதர்போர்டை எழுப்புவது அதுதான். ஷட்டவுன் செய்துவிட்டுச் சுவர் சுவிட்சை அணைக்காமல் போகும் கடைகளில் இந்தப் பகுதி ராத்திரி பகலாக ஓடுகிறது. அதன் கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் குட்டி உருளைகள்) முதலில் காய்ந்துபோவதில் ஆச்சரியமில்லை. ஊதாவில் 4.75க்குக் கீழே காட்டினால் எஸ்எம்பிஎஸ் மேல்தான் பழி. பட்டனை அழுத்தி ஃபேன் சுற்றும்போது மஞ்சள் ஒயர் 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள், சிவப்பு 4.75 முதல் 5.25க்குள் நிற்க வேண்டும். எல்லா ஒயரும் கறுப்பாக வரும் மாடலாக இருந்தால், எது எது என்று தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள், ஊகித்துக் குத்தாதீர்கள்.

பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு கம்பியால் இணைத்து, ஃபேன் சுற்றினால் ‘எஸ்எம்பிஎஸ் நல்லாத்தான் இருக்கு’ என்று சர்வீஸ் கடைகளில் சொல்வார்கள். அந்தச் சோதனை பாதி உண்மைதான். சும்மா இருக்கும்போது 12 வோல்ட் காட்டும் எஸ்எம்பிஎஸ், பிராசஸர் கரண்ட் கேட்ட கணத்தில் சரிந்துவிடும். கிளம்பிய அரை நொடிக்குள் ‘மின்சாரம் சீராக இருக்கிறது’ என்ற சிக்னலை எஸ்எம்பிஎஸ் மதர்போர்டுக்கு அனுப்பியாக வேண்டும். அது வராவிட்டால் பிராசஸர் வேலையைத் தொடங்காது. ஃபேன் மட்டும் சுற்றும், அல்லது அதுவும் நின்றுவிடும். உங்கள் இரண்டு அறிகுறிகளும் இதில் அடங்கிவிடுகின்றன. உறுதி செய்ய ஒரே வழி, நல்ல நிலையில் உள்ள இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்ப்பது. உங்களுடையது அசெம்பிள்டு என்பதால் பக்கத்துக் கடை கம்ப்யூட்டருடையதே பொருந்தும். ஆனால் சில பிராண்டட் டெஸ்க்டாப்புகளில் கனெக்டரே வேறு, அவற்றிலிருந்து எடுக்க வேண்டாம். புதிதாக வாங்கினால், கேபினெட்டோடு இலவசமாக வரும் எடையில்லாத டப்பாவில் ‘450 வாட்’ என்று ஒட்டியிருப்பதை நம்பாதீர்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பு: எஸ்எம்பிஎஸ் டப்பாவை நீங்கள் திறக்கக் கூடாது. உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டரில் 320 வோல்ட் அளவுக்கு டிசி தேங்கியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் போகாது. வெளியிலிருந்து பல்லி நுழைந்து கருகிய நாற்றம் வந்தாலும்கூட, முழு யூனிட்டையே மாற்றுங்கள்.

வேறு நல்ல எஸ்எம்பிஎஸ் போட்டும் கிளம்பவில்லையா? மதர்போர்டில் பிராசஸர், அதன் ஃபேன், ஒரு ரேம் இவை மட்டும் இருக்கட்டும். கிராஃபிக்ஸ் கார்டு, ஹார்டு டிஸ்க், முன்பக்க ஒயர்கள் எல்லாம் வெளியே. மானிட்டர் கேபிளைப் போர்டிலேயே செருகுங்கள். இன்டெல் பிராசஸர் பெயர் எஃப் எழுத்தில் முடிந்தால் அதில் டிஸ்ப்ளே வசதி கிடையாது, அப்போது கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் இருக்க வேண்டும். முன்பக்கப் பட்டன் ஒயரையும் எடுத்துவிட்டதால், பவர் சுவிட்சுக்கான இரண்டு பின்களை ஸ்குரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டு ஆன் செய்யுங்கள். இந்த நிலையில் டிஸ்ப்ளே வந்தால் கழற்றியவற்றை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே வாருங்கள். எதை மாட்டியதும் மறுபடி படுக்கிறதோ அதுதான் குற்றவாளி. வரவே இல்லை, பிராசஸரைச் சுற்றியுள்ள கெப்பாசிட்டர்களில் தலை வீங்கியிருக்கிறது அல்லது கருகல் தெரிகிறது என்றால் சர்வீஸ் கடைக்காரர் சொன்னது சரி.

அப்போதும் புது சிஸ்டம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. அதே சாக்கெட்டுக்கான (பிராசஸர் உட்காரும் இடம்) போர்டு மட்டும் தேடலாம். ஆறு வருடத்துக்கு முந்தைய சாக்கெட்டுக்குப் புது போர்டு கிடைப்பது கொஞ்சம் சிரமமாக இருக்கலாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய போர்டுகள் கிடைக்கும், உங்கள் பிராசஸரையும் ரேமையும் எடுத்துப்போய்க் கண்முன் ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்குங்கள். போர்டு மாறினால் விண்டோஸ் மறுபடி ஆக்டிவேஷன் கேட்கும். பில்லிங் மென்பொருளும் கேட்கலாம், அதனால் அந்த லைசென்ஸ் நம்பர்களை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.