விண்மீன் பேரரசு தொலைவை எந்த அலகால் அளக்கும்?

கேள்வி: பல நூறு விண்மீன்களை ஆளும் கற்பனைப் பேரரசு ஒன்றைப் பற்றி நாவல் எழுதி வருகிறேன். தலைநகர் வேறொரு கோளில் இருக்கிறது, பூமி பழங்கதையாகிவிட்டது. தொலைவைக் குறிக்க ஒளியாண்டு, பார்செக் ஆகிய இரண்டில் எதைப் பயன்படுத்தலாம்?

பதில்: உங்கள் கதைச் சூழலில் பார்செக்குக்கு இடமில்லை என்பதே என் கருத்து. அது பூமியின் சுற்றுப்பாதையிலிருந்து பிறந்த அலகு. பூமி சூரியனைச் சுற்றி வரும்போது, அருகிலுள்ள விண்மீன்கள் தொலைவிலுள்ளவற்றின் பின்னணியில் சற்றே இடம் மாறித் தெரிகின்றன. ஜெர்மானிய வானியலாளர் பெஸ்ஸல் 1838ஆம் ஆண்டில் 61 சிக்னி என்ற விண்மீனின் தொலைவைக் கணித்ததும், நம் காலத்தில் ஐரோப்பிய விண்வெளி முகமையின் கையா விண்கலம் விண்மீன்களின் தொலைவை அளந்ததும் இந்த இடமாற்றத்தைக் கொண்டுதான். பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள சராசரித் தொலைவு, அதாவது ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர், எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு விநாடிக் கோணமாக (பாகையில் 3,600இல் ஒரு பங்கு) தெரியுமோ அந்தத் தூரமே ஒரு பார்செக், அது 3.26 ஒளியாண்டுக்குச் சமம். ஒளியாண்டு என்பது ஒளி ஓராண்டில் கடக்கும் தூரம். ஆகவே அந்தச் சொல்லுக்குள் பூமியின் சுற்றுப்பாதையும், வட்டத்தை 360 பாகையாகவும் பாகையை 3,600 விநாடியாகவும் பிரிக்கும் நம் பழைய வழக்கமும் ஒளிந்திருக்கின்றன. பூமியையே மறந்துவிட்ட அரசு அதன் சுற்றுப்பாதையை மட்டும் அளவுகோலாக வைத்திருக்கக் காரணமில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சூரியனில் பத்தில் ஏழு பங்கு நிறையுள்ள ஆரஞ்சு நிற விண்மீனை, பூமி–சூரியன் தொலைவில் பத்தில் ஆறு பங்கு தூரத்தில் உங்கள் தலைநகர்க் கோள் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுப்பாதையின் அளவையும் சுற்றும் காலத்தையும் இணைக்கும் கெப்ளர் விதிப்படி அங்கே ஓராண்டு என்பது நம் நாட்களில் சுமார் 203. அவர்களுடைய பார்செக் 1.96 ஒளியாண்டாகிவிடும், வட்டத்தைப் பத்து லட்சம் பாகங்களாகப் பிரிக்கும் மக்களாக இருந்தால் அதுவும் 1.51 ஆகச் சுருங்கும். ஒளியாண்டுக்கும் இதே சிக்கல் உண்டு, ஏனென்றால் நாம் கணக்கில் கொள்வது 365.25 நாள் கொண்ட பூமியின் ஆண்டு. அவர்களுடைய ஒளியாண்டு நம்முடையதில் 0.556 பங்குதான். சூரியனிலிருந்து 4.24 ஒளியாண்டு தூரத்திலுள்ள பிராக்சிமா சென்டாரி என்ற விண்மீன், அவர்களுடைய பட்டியலில் சூரியனிலிருந்து 7.6 ஒளியாண்டு தள்ளி இருக்கும்.

எனவே ஒளி குறிப்பிட்ட காலத்தில் கடக்கும் தூரத்தையே அலகாக வையுங்கள். அந்தக் காலத்தை மட்டும் பேரரசின் நாட்காட்டியிலிருந்து எடுங்கள். ஒளியின் வேகம் எந்தக் கோளுக்கும் சொந்தமானதல்ல. மீட்டரின் வரலாறும் இதே வழியில்தான் சென்றது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையிலான தூரத்தின் கோடியில் ஒரு பங்காக அதை வகுத்தார்கள். 1983 முதல் ஒளி ஒரு விநாடியின் 1/299,792,458 பங்கு நேரத்தில் கடக்கும் தூரமே மீட்டர். நாட்காட்டியும் வேண்டாம், எல்லா உலகங்களுக்கும் பொதுவான அடிப்படையே வேண்டும் என்றால், ஹைட்ரஜன் அணு வெளியிடும் 21 சென்டிமீட்டர் அலைநீளத்தை எடுத்துக்கொள்ளலாம். 1972இல் புறப்பட்ட பயனியர் 10 விண்கலத்தின் தகட்டில் நீளத்துக்கும் காலத்துக்கும் அடிப்படையாகப் பொறிக்கப்பட்டது, அந்த அலையை வெளியிடும் ஹைட்ரஜன் அணுவின் ஆற்றல்நிலை மாற்றமே. ஆனால் ஆட்சியாளர்கள் தங்கள் ஆண்டையே எங்கும் புழங்க வைப்பார்கள் என்பதுதான் எனக்கு இயல்பாகத் தோன்றுகிறது. வெற்றிகொள்ளப்பட்ட கோள் ஒன்றின் வணிகர் பழைய அலகிலேயே கணக்கு வைத்திருப்பதைக் காட்டினால், அதிகாரம் எங்கே இருக்கிறது என்பது தனியாகச் சொல்லாமலே விளங்கிவிடும்.

ஒரே விண்மீனைச் சுற்றும் கோள்களுக்கிடையே ஒளி நிமிடமும் ஒளி மணியும் போதும். நிலவு 1.3 ஒளி விநாடியிலும் சூரியன் சுமார் 8.3 ஒளி நிமிடத்திலும் இருப்பதை நினைவில் கொண்டால் வாசகருக்கும் அளவு பிடிபடும். புதிய அலகுக்குப் பெயர் வைத்தால், முதல் சில பக்கங்களுக்குள் தெரிந்த ஒரு தூரத்தோடு அதைப் பொருத்திக் காட்டிவிடுங்கள். கப்பல்கள் ஒளியை விஞ்சிச் செல்லுமானால், மாலுமிகள் பயண நாட்களில் பேசட்டும்; வரி, எல்லை, வரைபடம் ஆகியவற்றுக்கு மட்டும் நிலையான அலகைக் கையாளுங்கள்.

விண்மீன்கள் நகர்கின்றன என்பதையும் கவனியுங்கள். பர்னார்டு விண்மீன் இன்று 5.96 ஒளியாண்டு தொலைவில் இருந்து, விநாடிக்குச் சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நெருங்கி வருகிறது. ஆயிரம் ஆண்டுகளில் அது ஒளியாண்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அருகில் வந்துவிடும். நெடுங்காலம் நிலைத்த பேரரசின் தொலைவுப் பட்டியலைக் கதையில் காட்டினால், அது எந்த ஆண்டுக்கு உரியது என்பதையும் அதன் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.